74 அலகுகள்: சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவி சென்ற வழி

2022ஆம் ஆண்டு அக்டோபரில், கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் ஒரு சமுதாயக் கல்லூரியின் கணித உதவி மையத்தில், முதல் நுண்கணிதப் பாடத்தின் வீட்டுக்கணக்கோடு ஒரு மாணவி என் எதிரே வந்து அமர்ந்தார். சங்கிலி விதியில் அவருக்கு இருந்த ஐயம் கால்மணி நேரத்தில் தீர்ந்தது. எழுந்து போகும்போது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சிவில் பொறியியல் படிக்கப்போவதாகவும், அதற்கான விண்ணப்பத்தை நவம்பர் இறுதிக்குள் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். நான் அவரை மீண்டும் உட்காரச் சொன்னேன். முதல் நுண்கணிதப் பாடத்தை அப்போதுதான் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் பத்து மாதத்தில் பொறியியலின் மூன்றாம் ஆண்டில் சேர வழியில்லை என்பதை அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு முடிவையும் அருகிலிருந்து பார்த்தேன். சில முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு, அவற்றில் ஒன்று தவறானது. அவருடைய ஒப்புதலோடு அந்தப் பாதையை இங்கே முழுமையாக எழுதுகிறேன். அவர் பெயரையும், அவர் படித்த, படிக்கிற நிறுவனங்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

இரண்டாண்டு ஓரிடத்தில் படித்துவிட்டுப் பட்டத்தின் பின்பாதிக்கு வேறிடம் போவது தமிழ்நாட்டு வாசகருக்கு முற்றிலும் புதிய செய்தி அல்ல. பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக உண்டு. ஆனால் நம் ஏற்பாட்டில் பட்டயம் என்ற முழு மூட்டையும் ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்து, இது எங்கள் பாடத்துக்கு ஈடு, இது ஈடில்லை, இது பொது மதிப்புக்கு மட்டும் என்று வகைப்படுத்துகிறார்கள். மாற்றத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய கல்லூரியே அந்நாட்டின் முதல் அரசு இளநிலைக் கல்லூரி, அதாவது இன்றைய சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடி. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரின் எண்ணத்தில் உதித்த ஏற்பாடு அது. பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை ஊரிலேயே படிக்கலாம் என்பதே அதன் தொடக்கக் கருத்து. அதை ஒரு மாநிலக் கொள்கையாகவே ஆக்கியது கலிஃபோர்னியா. 1960இல் ஆளுநர் பேட் பிரவுன் காலத்தில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் முன்னின்று வகுத்த பெருந்திட்டத்தின்படி, பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் (யூசி), முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் (சிஎஸ்யூ) தகுதி பெறுவார்கள். சமுதாயக் கல்லூரி எல்லாருக்கும் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படிப்பவருக்கு மேலே இருக்கும் இரண்டின் கதவும் மூன்றாம் ஆண்டில் திறக்கும். எல்லாருக்கும் இடம் உண்டு என்ற வாக்குறுதியின் பாரம் அந்த மூன்றாம் ஆண்டுக் கதவின் மேல்தான் நிற்கிறது. கதவு எளிதில் திறக்காவிட்டால், மீதமிருப்பது மாணவர்களை மூன்றாகப் பிரித்த வேலை மட்டுமே.

இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பாடத்தின் அளவை அலகுகளில் (கிரெடிட்) சொல்வார்கள்; மாநிலவாசிக்கு ஓர் அலகுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 முதல் இது மாறவில்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் தள்ளுபடி ஆகிறது. மாறுவதற்கு வழக்கமாக 60 அலகுகள் வேண்டும். மாநிலத் தணிக்கை அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017க்கும் 2019க்கும் இடையே பல்கலைக்கழக மாற்றத்தை நோக்கமாகக் கொண்டு சேர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே நான்கு ஆண்டுகளுக்குள் மாறியிருந்தார்கள். இக்கட்டுரையின் மாணவி அந்த ஐந்தில் ஒருவர். வென்றவர்களில் ஒருவருக்கே இவ்வளவு இடர்கள் என்றால் மற்ற நால்வரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்துக்கொண்டே இதை வாசிக்க வேண்டும்.

முதல் மூன்று பருவங்கள்

மாணவியின் வீட்டில் பேசுவது ஸ்பானியம். தாய் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் ஆலையில் வேலை செய்கிறார். கல்லூரிக்குப் போன முதல் ஆள் இந்த மாணவிதான். மருந்துக்கடை ஒன்றில் வாரத்துக்கு 25 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு 2021 இலையுதிர் பருவத்தில் (ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை) சேர்ந்தார்.

முதல் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரை 3, நுண்கணிதத்துக்கு முந்தைய கணிதம் 5, சமூகவியல் 3, கல்லூரி வாழ்வுக்கான அறிமுகம் 1 என்று 12 அலகுகள். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. முன்பெல்லாம் இவரைப் போன்றவர்கள் நுழைவுத் தேர்வொன்றை எழுதி, பெரும்பாலும் பள்ளி இயற்கணிதத்தையே மீண்டும் கற்பிக்கும் வகுப்புகளில் தள்ளப்படுவார்கள்; அந்த வகுப்புகளின் அலகுகள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் செல்லுபடி ஆகமாட்டா. 2017இல் நிறைவேறிய ஒரு மாநிலச் சட்டம், பள்ளி மதிப்பெண்ணைக் கொண்டே மாணவரைப் பல்கலைக்கழகம் ஏற்கும் நிலையிலான கணிதத்தில் சேர்க்க வேண்டும் என்று வகை செய்தது. அதனால் அவருக்கு ஓராண்டாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த மிச்சம் அடுத்த பருவத்திலேயே கரைந்தது. 2022 வசந்தப் பருவத்தில் (ஜனவரி முதல் மே வரை) முதல் நுண்கணிதப் பாடம் இரண்டு வகுப்புகளாக நடந்தது. இரண்டுமே மருந்துக்கடை நேரத்தில் விழுந்தன. ஆலோசகரைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம். எந்தத் துறை மாணவரும் படிக்க வேண்டிய பாடங்களைக் கொண்ட பொதுக்கல்விப் பட்டியல் தாளில் விடுபட்ட கட்டங்களை நிரப்பும்படி அங்கே சொன்னார்கள். கலை வரலாறு, மெய்யியல், அமெரிக்க வரலாறு, மேடைப்பேச்சு ஆகிய நான்கையும் எடுத்து 12 அலகுகளை முடித்தார். நான்கிலும் நல்ல மதிப்பெண். தாள் நிறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, பாதையும் அந்த அளவுக்குக் கடந்துவிட்டது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லமாட்டேன், ஏனென்றால் கையில் கொடுக்கப்பட்ட ஒரே வரைபடம் அந்தத் தாள்தான்.

பொறியியலுக்கு அந்தத் தாள் முதன்மை அல்ல என்பதை யூசி வெளிப்படையாகவே சொல்கிறது: பொறியியல் மாணவர்கள் பொதுக்கல்வித் தொகுப்பை முடிப்பதைவிடத் துறைக்கான முன்பாடங்களை முடிப்பதில் கவனம் செலுத்த வேண்டும். அந்த முன்பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே எடுக்கக்கூடியவை. முதல் நுண்கணிதம் முடிந்தால்தான் இரண்டாவது. இரண்டாவது முடிந்தால்தான் பன்மாறி நுண்கணிதம். அதன் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும். இயற்பியலிலும் இப்படி மூன்று படிகள், அதன் முதல் படியில் கால் வைக்கவே முதல் நுண்கணிதம் வேண்டும். கலை வரலாற்றை எந்தப் பருவத்திலும் எடுக்கலாம். சங்கிலியின் ஒரு கண்ணியை ஒரு பருவம் தள்ளிப்போட்டாலோ, பின்னால் வரும் எல்லாக் கண்ணிகளும் தள்ளிப்போகும்.

ஆக, அந்த அக்டோபர் மாலையில் அவர் கையில் இருந்தவை முடித்த 24 அலகுகளும், நடந்துகொண்டிருந்த 13 அலகுகளும் (முதல் நுண்கணிதம் 5, வேதியியல் 5, திறனாய்வுச் சிந்தனை 3). இயற்பியல் ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பாட இணைப்பு ஒப்பந்தங்கள் அனைத்தும் அசிஸ்ட் என்னும் இணையதளத்தில் பொதுவாகக் கிடைக்கின்றன. இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் கல்லூரியின் பாடம். அந்தப் பக்கத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். கல்லூரியில் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. 2023இல் மாறும் எண்ணத்தைக் கைவிட்டு, 2024ஐ இலக்காகக் கொண்டு, எஞ்சிய பருவங்களுக்கு ஒரு கால அட்டவணையை நாங்கள் சேர்ந்து வரைந்தோம்.

இயற்பியலில் நேர்ந்த பிழை

அட்டவணை நெருக்கமாகவே இருந்தது. அவருடைய கல்லூரி சிறியது. இயற்பியலின் மூன்று படிகளான ஏ, பி, சி-யில், ஏ இரண்டு பருவங்களிலும் நடக்கும், பி வசந்தத்தில் மட்டும், சி இலையுதிரில் மட்டும். 2023 வசந்தத்தில் ஏ-யை எடுத்தால், பி-க்கு 2024 வசந்தம் வரை காத்திருக்க வேண்டும், சி-க்கு 2024 இலையுதிர். அதற்குள் மாற வேண்டிய காலம் கடந்துவிடும். 2022 வசந்தத்தில் நுண்கணிதம் எடுத்திருந்தால் இந்த நெருக்கடியே வந்திருக்காது. ஏ, பி, சி மூன்றும் இயல்பான வரிசையில் 2023 டிசம்பருக்குள் முடிந்திருக்கும். அந்த ஒரு பருவத்தின் உண்மையான விலை இங்கேதான் தெரிந்தது.

தீர்வு ஒன்றை நான்தான் சொன்னேன். ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேறொரு சமுதாயக் கல்லூரியில், 2023 கோடையில், இயற்பியல் பி எட்டு வார வகுப்பாக நடந்தது. அங்கே பி-யை முடித்துவிட்டு, இலையுதிரில் தன் கல்லூரியிலேயே சி-யை எடுக்கலாம். இரண்டு கல்லூரிகளிலும் பாடத்தின் பெயர் ஒன்றே, அலகு எண்ணிக்கை ஒன்றே, முன்தகுதியும் ஒன்றே. அதிகாலையில் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தக் கோடையை அவர் முடித்தார். ‘பி’ மதிப்பெண் பெற்றார்.

ஆகஸ்ட் இறுதியில், சி வகுப்பின் முதல் வாரம் முடிந்து நேரே கணித மையத்துக்கு வந்தார். ஆசிரியர் கொடுத்த பாடத்திட்டத்தில் வெப்பம், அலைகள், ஒளியியல் என்று இருந்தன. கோடையில் அவர் படித்ததும் அவையே. இரண்டு கல்லூரிகளும் மூன்று பாடங்களிலும் ஒரே பொருளைத்தான் கற்பித்தன. ஆனால் அடுக்கிய வரிசை வேறு. அவருடைய கல்லூரியில் பி என்றால் மின்னியலும் காந்தவியலும், சி என்றால் வெப்பமும் ஒளியும். பக்கத்துக் கல்லூரியில் அது தலைகீழ். பெயரைப் பார்த்தேனே தவிர, பாடத்திட்டத்தை நான் திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இதை அவரிடம் அன்றே சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் ஆலோசனை சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் செய்யும் பிழையின் சுமை முழுவதும் மாணவர் தலையில்தான் இறங்குகிறது.

சி-யை முதல் இரண்டு வாரத்துக்குள் கைவிட்டு, அந்த இடத்தில் பொறியியல் வரைபடப் பாடத்தைச் சேர்த்தார். மின்னியலைத் தன் கல்லூரியின் பி-யாக 2024 வசந்தத்தில் எடுப்பது என்று முடிவானது. அப்படிச் செய்தால் இயற்பியலின் மூன்று பகுதிகளும் மாறுவதற்கு முன்பே முடிந்துவிடும். மூன்றும் இரண்டு கல்லூரிகளில் பிரிந்து கிடக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

அவ்வளவுதான் என்பது சரியாக இல்லை. செப்டம்பர் என்பது யூசி மாற்றத்தில் முக்கியமான மாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றும் சமுதாயக் கல்லூரி மாணவருக்கு இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. ஒருவர் ஒரு வளாகத்துக்கு மட்டுமே, அந்த மாதத்துக்குள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். சில துறைகளுக்கு அது கிடையாது. அந்தப் படிவத்தை நிரப்ப அமர்ந்தபோது, மாணவி விரும்பிய வளாகத்தின் ஒப்பந்தத்தை வரி வரியாக மீண்டும் படித்தோம். வேதியியலும் கணிதமும் பாடத்துக்குப் பாடம் என்று இணைக்கப்பட்டிருந்தன. இயற்பியலோ ஒரே கட்டமாக இருந்தது: கல்லூரியின் ஏ, பி, சி மூன்றும் சேர்ந்தால், பல்கலைக்கழகத்தின் மூன்றும் சேர்ந்ததற்கு ஈடு. தனித்தனியே எதற்கு எது ஈடு என்று அங்கே எழுதப்படவில்லை. ஒரே கல்லூரியில் மூன்றையும் முடித்தவருக்கு இந்தக் கட்டம் வசதி; இரண்டு இடங்களில் முடித்தவருக்கு அது பூட்டு.

மூன்று வளாகங்களின் துறை அலுவலகங்களுக்கு மாணவி மின்னஞ்சல் எழுதினார். ஒன்றிலிருந்து, தொடர் ஒரே கல்லூரியில் முடிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இன்னொன்றிலிருந்து, சேர்ந்த பிறகு பாடத்திட்டத்தையும் ஆய்வகக் குறிப்பேடுகளையும் பார்த்து முடிவு செய்வோம் என்று பதில். மூன்றாவது பதில் வரவே இல்லை. இரண்டாவது பதிலை எழுதியவரைப் பாராட்ட வேண்டும். விதியை மட்டும் சொல்லி முடிக்காமல், கோடை வகுப்பின் குறிப்பேடுகளை எறிந்துவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்.

விண்ணப்பமும் தேர்வும்

நவம்பரில் யூசி வளாகங்கள் மூன்றுக்கும் சிஎஸ்யூ வளாகங்கள் மூன்றுக்கும் விண்ணப்பித்தார். குறைந்த வருமானத்தால் இரண்டு அமைப்புகளிலும் நான்கு வளாகங்கள் வரை விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி ஆனது. யூசி விண்ணப்பத்தோடு கட்டுரை வினாக்கள் உண்டு, சிஎஸ்யூவில் இல்லை. ஜனவரி இறுதிக்குள் இலையுதிர் மதிப்பெண்களைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும் என்பதை மறந்து இடத்தை இழப்பவர்களை நான் அறிவேன், இவர் மறக்கவில்லை. ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) 4க்கு 3.4 இருந்தது.

2024 ஏப்ரல் இறுதிக்குள் விடைகள் வந்துவிட்டன. யூசியில் ஓர் இடம், இரண்டு மறுப்பு. சிஎஸ்யூவில் இரண்டு இடம், ஒரு மறுப்பு. இடம் கொடுத்த யூசி வளாகம், இயற்பியலைப் பற்றிச் சேர்ந்த பிறகே பார்ப்போம் என்ற நிலையிலேயே நின்றது. மோசமான முடிவு வந்தால் இரண்டு பாடங்களைத் திரும்பப் படிக்க நேரும். அவற்றைச் சார்ந்த பாடங்களும் தள்ளிப்போகும்.

இந்த இடத்தில்தான், இந்நிகழ்வில் எனக்கு மிகவும் கற்றுத்தந்த ஒன்று நடந்தது. வீட்டிலிருந்து ஐம்பது நிமிடப் பயணத்தில் உள்ள சிஎஸ்யூ வளாகத்தின் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அங்கே இயற்பியலின் மூன்று பாடங்களும் தனித்தனியே இணைக்கப்பட்டிருந்தன, இரண்டு கல்லூரிகளுக்கும். பக்கத்துக் கல்லூரியின் பி, வெப்பமும் ஒளியும் என்ற பாடத்துக்கு ஈடாக எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்கப்பட்டது. அதைவிட வியப்பு மேடைப்பேச்சு. யூசியின் சேர்க்கைக்கு அந்தப் பாடம் தேவையே இல்லை. 2022 வசந்தத்தை வீணாக்கிய நான்கில் ஒன்றாக அதை நான் கணக்கிட்டிருந்தேன். ஆனால் சிஎஸ்யூவில் வாய்மொழித் தொடர்பு, எழுத்து, திறனாய்வுச் சிந்தனை, கணிதம் என்ற நான்கும் தேர்ச்சி பெறாமல் மூன்றாம் ஆண்டில் சேரவே முடியாது. அமெரிக்க வரலாறும், 2023 இலையுதிரில் எடுத்த அமெரிக்க அரசியலும் அங்கே பட்டத்துக்கே கட்டாயம்.

ஒரு பாடத்துக்கு அதற்கென்று நிலையான மதிப்பு ஒன்றும் இல்லை, அது எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது என்பதை ஒப்பந்தங்களில் எத்தனையோ முறை படித்திருந்தாலும், அன்று மாலைதான் எனக்கு அது முழுமையாக உறைத்தது. ஒரே மாணவி, ஒரே 74 அலகுகள். ஒரு வளாகத்தில் இயற்பியலின் 8 அலகுகள் கேள்விக்குறி, மேடைப்பேச்சு பயனற்றது. இன்னொரு வளாகத்தில் இரண்டும் பொன். ஆனால் போகும் ஊரை இப்போதைய அமைப்பு யாரிடம் கேட்கிறது? பதினெட்டு வயதில், முதல் பருவத்துக்குப் பதிவு செய்யும் பிள்ளையிடம். பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகப் போகும் அதே வயதுப் பிள்ளைக்கு மனம் மாறிக்கொள்ள ஓராண்டு, சில இடங்களில் இரண்டாண்டு அவகாசம் உண்டு. பண வசதி குறைந்த, வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளையிடம்தான் முதல் நாளே துறையையும் வளாகத்தையும் துல்லியமாகச் சொல்லும்படி கேட்கிறோம். இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

பணக் கணக்கும் அதே பக்கம்தான் சாய்ந்தது. 2024இல் யூசியின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல், சிஎஸ்யூவில் 6,000 டாலருக்குச் சற்று மேல். அவருடைய குடும்ப வருமானத்துக்கு மாநில, மத்திய உதவித்தொகைகள் இரண்டிடத்திலும் கட்டணத்தை முழுவதும் ஈடு செய்திருக்கும். ஈடு செய்யாதது விடுதியும் சாப்பாடும். மத்திய அரசின் பெல் உதவித்தொகை வாழ்நாளில் 12 பருவங்களுக்கு மட்டுமே என்ற வரம்பும் இருந்தது. சமுதாயக் கல்லூரியிலேயே ஏறத்தாழ ஆறு பருவங்கள் கரைந்துவிட்டன. பாடங்களைத் திரும்பப் படிக்கும் அபாயத்தை ஏற்க அவருக்கு இடமில்லை. தாயிடம் யூசியின் கடிதத்தைக் காட்டினார், இருவரும் ஒரு வாரம் யோசித்தார்கள், பிறகு சிஎஸ்யூவில் பதிவு செய்தார். அந்தக் கடிதம் இன்னும் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

மாறிய பின்

சமுதாயக் கல்லூரியிலிருந்து எத்தனை அலகுகள் கொண்டுவந்தாலும் 70க்கு மேல் கணக்கில் ஏறாது என்பது இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவான விதி. 74இல் 4 வெட்டுப்பட்டது. நுண்கணிதத்துக்கு முந்தைய கணிதத்தின் 5 அலகுகளும், கல்லூரி வாழ்வு அறிமுகத்தின் 1 அலகும் பட்டத்துக்கு உதவாதவை என்பதால், அந்த வெட்டு அவரைப் பாதிக்கவில்லை. மீதி 68 அலகுகளும் பட்டத்துக்கு நேராகப் பயன்பட்டன. கூட்டாட்சி அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறுபவர்கள் சராசரியாக 43 விழுக்காடு அலகுகளை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. அதோடு ஒப்பிட்டால் இவர் ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை.

அலகுகளை மட்டும் எண்ணினால் இது மிகச் சிறந்த வெற்றி. ஆனால் மூன்று ஆண்டு இங்கே, இரண்டரை ஆண்டு அங்கே என்று ஐந்தரை ஆண்டு ஆகிறது. நிலையியலைத் தன் கல்லூரியில் முடித்திருந்த அவரால் இயக்கவியலை முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே அது நடப்பதே இல்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் எல்லாரும் முடிக்கும் பாடம் அது. ஆகவே மூன்றாம் ஆண்டில் நுழைந்தவர் அதை எடுத்த பிறகே மற்றவை தொடர முடிந்தது. இழப்பு அலகுகளில் தெரியாமல் பருவங்களில் ஒளிந்திருக்கும் இந்த நிலை பொறியியல் போன்ற துறைகளுக்கு உரியது. புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை.

முதல் பருவத்தில் அவருடைய ஜிபிஏ 2.5க்கு இறங்கியது. பழைய ஜிபிஏ புதிய இடத்தின் கணக்கில் கலக்காது என்பதால் அந்த எண் தனியாக, வெறுமையாக நின்றது. இந்தச் சரிவுக்கு 1965இலேயே ஜான் ஹில்ஸ் என்ற ஆய்வாளர் ‘மாற்ற அதிர்ச்சி’ என்று பெயர் வைத்தார். இரண்டாவது பருவத்தில் 2.9, மூன்றாவதில் 3.1 என்று அவர் மீண்டார். காரணம் கேட்டபோது, பாடங்கள் கடினம் என்று அவர் சொல்லவில்லை. தன் கல்லூரியில் முப்பது பேர் வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். இங்கே பொருள்களின் வலிமை வகுப்பில் தொண்ணூறு பேர், பழைய தேர்வுத் தாள்கள் யாரிடம் இருக்கின்றன என்பது முதலாண்டிலிருந்தே ஒன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும் என்றார். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் மாணவர்களுக்காக நடத்தும் கான்கிரீட் படகுப் போட்டிக்கு வளாகத்தில் ஓர் அணி உண்டு. கலவை வார்ப்பதற்காக இரவில் ஆய்வகத்தில் கூடும் அந்த அணியில் இரண்டாவது பருவத்தில் சேர்ந்த பிறகுதான் தனக்கு வகுப்புத் தோழர்கள் கிடைத்தார்கள் என்றும் சொன்னார். மதிப்பெண் ஏறத் தொடங்கியதும் அப்போதுதான்.

இடையில் மாறியவை

அவர் சேர்ந்த காலத்துக்குப் பிறகு விதிகள் ஓரளவு நல்ல திசையில் நகர்ந்திருக்கின்றன. 2021இல் நிறைவேறிய ஒரு சட்டத்தால், யூசிக்கு ஒன்று, சிஎஸ்யூவுக்கு ஒன்று என்று இருந்த பொதுக்கல்வித் தொகுப்புகள் 2025 இலையுதிரிலிருந்து 34 அலகுகள் கொண்ட ஒரே தொகுப்பாக ஆகிவிட்டன. வாய்மொழித் தொடர்பு அதில் அடக்கம். மேடைப்பேச்சு எங்கே பொன், எங்கே மண் என்ற கேள்வி இனி எழாது. அதே ஆண்டின் இன்னொரு சட்டத்தால், ஒரே பாடத்துக்கு எல்லாச் சமுதாயக் கல்லூரிகளிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. முதல் கட்டமாக 2025 இலையுதிரில் ஆங்கிலம், பேச்சு, அரசியல், உளவியல், புள்ளியியல் ஆகியவற்றில் ஆறு பாடங்கள் பொது எண் பெற்றன. இயற்பியலுக்கு அந்த எண் 2023இல் இருந்திருந்தால், இரண்டு ‘பி’களும் வேறு வேறு பாடங்கள் என்பது அட்டவணையைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

2010இல் வந்த மாற்றத்துக்கான துணைப்பட்டம் (சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டுப் பட்டம்), அதைப் பெற்றவருக்குச் சிஎஸ்யூ அமைப்பில் இடத்தையும், மேலும் 60 அலகுகளில் பட்டத்தையும் உறுதி செய்கிறது. வணிகம், உளவியல் போன்ற துறைகளில் அது பல்லாயிரம் பேருக்கு உதவியிருக்கிறது. பொறியியலில் முன்பாடங்களே அந்த 60க்குள் அடங்காததால், இக்கட்டுரையின் மாணவிக்கு அது எட்டாத கனியாகவே இருந்தது. அறிவியல், பொறியியல் துறைகளுக்கு வரம்பை 66 வரை உயர்த்த 2021 சட்டம் வழி செய்திருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே எடுக்கக்கூடிய பாடங்களைச் சிறிய கல்லூரி ஆண்டுக்கு ஒரே முறை நடத்தும் வரை, அந்த 6 அலகுகள் மட்டும் போதா. அதற்குத் தேவை ஆசிரியர்களும், பன்னிரண்டு பேர் சேர்ந்தாலும் நடத்தப்படும் வகுப்புகளும்தான், அதாவது பணம்.

எங்கள் கணித மையத்தில் ஒன்றை மாற்றினோம். பொறியியல் என்று சொல்லி வரும் எவரிடமும் முதலில் கணக்கைக் கேட்பதில்லை. இந்தப் பருவத்தில் கணிதம் எது, அடுத்த பருவத்தில் எது, இயற்பியல் ஏ எப்போது என்று கேட்கிறோம். வேறு கல்லூரியில் ஒரு பாடத்தை எடுக்கப்போவதாகச் சொன்னால், இரண்டு பாடத்திட்டங்களையும் அச்சிட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறோம். அதைச் செய்யாமல் யாரையும் அனுப்புவதில்லை.

மாணவிக்கு இன்னும் இரண்டு பருவங்கள் இருக்கின்றன. கான்கிரீட் வடிவமைப்பு, நீர்வளப் பொறியியல், நிறைவுத் திட்டம் ஆகியவை மிச்சம். வரும் கோடையில் பள்ளத்தாக்கின் பாசனக் கால்வாய்களைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்கிறார். அவருடைய தம்பி இந்த ஆண்டு அதே சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய ஆறு பருவங்களுக்கான அட்டவணையை அக்காள் முதல் பருவம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்.